எங்கள் வீட்டுத் தோலும் மங்கலத்தின் தொட்டியும்

ஜூன் 9, 2025 - திங்கள்

இன்றும் போனார். வாழைக்காய்த் தோல், புடலங்காய்க் குடல், கீரைக் காம்பு எல்லாவற்றையும் எவர்சில்வர் தட்டில் குவித்து, மேலே ஒரு இலைத்துண்டால் மூடி, பக்கத்து வீட்டுக்கு. ஏழு நாற்பதுக்குப் போனவர் எட்டே காலுக்குத் திரும்பினார். முப்பத்தைந்து நிமிஷம். சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் நின்றேன், ஒளிப்பானேன்.

கல்யாணமாகி முப்பத்து நாலு வருஷமாகிறது. சாப்பிட்ட தட்டை ஒருநாள்கூட எடுத்து வைத்ததில்லை. ரிட்டையரான இரண்டாம் மாதத்தில் குப்பையைத் தட்டில் வைத்து ஏந்திக்கொண்டு நடக்கிறார், கோயிலுக்குப் போகிறவர் மாதிரி.

பக்கத்து வீட்டு மங்கலம் போன வருஷம்தான் எங்கள் ஸ்ரீவராகம் பகுதிக்குக் குடிவந்தாள். நாஞ்சில் நாட்டுக்காரி. சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறாள். புருஷனுக்கு நாகர்கோவிலில் வியாபாரம், ஞாயிற்றுக்கிழமை வந்து போகிறார். அவள் வீட்டுப் பின்கட்டில் கார்ப்பரேஷன் கொடுத்த மூன்றடுக்குக் கம்போஸ்ட் தொட்டி இருக்கிறது. அதில் போடத்தான் எங்கள் வீட்டுத் தோல் போகிறது.

"அப்படி என்னதான் பேசறேள் அங்கே?" என்று கேட்டேன்.

"என்ன பேசறது? குப்பையைப் பத்தித்தான்."

ஜூன் 11

மங்கலத்திடம் குற்றம் சொல்ல ஒன்றுமே இல்லை. அதுதான் எரிச்சல். நாற்பத்தெட்டு வயசு, நரையை மறைப்பதில்லை, என்னைக் கண்டால் "மாமி, சாப்பிட்டேளா" என்று கேட்காமல் போகமாட்டாள்.

இன்று காலை மதிலுக்கு அப்பால் இவர் சிரித்தார். இங்கே, இந்த வீட்டில், இவர் கடைசியாக வாய்விட்டுச் சிரித்தது எப்போது? பிள்ளை சுமந்தின் கல்யாணத்திலா? இல்லை, அன்றைக்கும் இருமினார், அவ்வளவுதான்.

ஜூன் 14

முடிவு செய்துவிட்டேன். தோல் எங்கள் வீட்டுத் தோல். அது எங்கள் வீட்டிலேயே மக்கட்டும். நமக்கே ஒரு தொட்டி வேண்டும். விலை குறைவாக, சீக்கிரமாக.

சுமந்துக்கு பெங்களூருக்கு போன் செய்தேன். பச்சை நிறத்தில் குழாய் வைத்த ஒரு டிரம் படத்தை அனுப்பினான். அந்த விலைக்கு ஒரு மிக்ஸி வாங்கலாம். வார்டு ஆபீஸில் கேட்டால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், ஓணம் கழிந்து பார்க்கலாம் என்றார்கள். ஓணம் வரை இவர் தட்டோடு நடப்பதை நான் பார்த்துக்கொண்டிருக்கவா? பிளாஸ்டிக் குழாயை மண்ணில் நட்டு அதில் போடுகிற முறை ஒன்று உண்டு, அதற்குக் குழி தோண்ட ஆள் வேண்டும். மண்பானை அடுக்கு அழகாகத்தான் இருக்கிறது, இந்த மழைக்கு எத்தனை நாள் தாங்கும் என்று தெரியவில்லை.

ஜூன் 17

பெயிண்ட் பக்கெட். இருபது லிட்டர், மூடியோடு. ஹார்ட்வேர் கடைப் பையன் பிரதீஷ் பழசு இரண்டை நூற்றைம்பதுக்குக் கொடுத்தான். "ஆன்ட்டி, அடியில ஓட்டை போடணும் கேட்டோ. சைடிலயும்," என்றான்.

தலையை ஆட்டிவிட்டு வந்தேன். ஓட்டையாவது ஒன்றாவது. பின்கட்டில் எனக்கு இருக்கிற இடமே துளசி மாடத்துக்குப் பக்கத்தில்தான். அழுகல் தண்ணீர் அங்கே வழியவா? ஓட்டை கிடையாது. சாதமும் கிடையாது, பச்சைத் தோல் மட்டும். சாதம் பட்ட பத்து, எச்சில் எதுவும் துளசிக்குக் கிட்டே வரக்கூடாது.

ஜூன் 18

"இனிமே இங்கேயே போட்டுக்கலாம்," என்று காட்டினேன். பக்கெட்டை விரலால் ஒருதரம் தட்டிப் பார்த்தார். சரி என்றார்.

ஜூன் 19

ஏழு நாற்பதுக்குத் தோலைப் போட்டார். ஏழு நாற்பத்தொன்றுக்குப் பேப்பரை விரித்தார்.

ஜூன் 22 - ஞாயிறு

கடவுளே. மதில் சந்து வழியாகப் பார்த்தேன். மங்கலம் கிணற்றடியில் மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை, வால், செதில் எல்லாவற்றையும் அள்ளி நேரே அந்தத் தொட்டிக்குள் போட்டாள்.

போன மாதம் அதிலிருந்துதான் இவர் ஒரு பை உரம் கொண்டுவந்தார். நான்தான் அதைத் துளசிக்குப் போட்டேன். இந்தக் கையால்.

"ஏன்னா, அந்த உரத்துல மீன் தலை உண்டு, தெரியுமோ?"

"தெரியும்."

"தெரிஞ்சுண்டா துளசிக்குப் போட்டேள்?"

"போட்டது நீ," என்றார். "துளசி நன்னாத்தானே இருக்கு?"

நன்றாகத்தான் இருக்கிறது, அதுதான் கஷ்டம். மறுபடி குளித்தேன். துளசியை என்ன செய்வது என்று தெரியாமல் அதற்கும் நாலு செம்பு தண்ணீர் விட்டேன். இந்த வாரம் நாங்கள் பேசிக்கொண்டதில் நீளமான பேச்சு இதுதான்.

ஜூலை 3

ஜெயித்தாயிற்று. பதினைந்து நாளாகப் பக்கத்து வீட்டுப் பக்கம் போகவில்லை. பேப்பர், காப்பி, பேப்பர். நாற்காலியிலிருந்து மழையைப் பார்க்கிறார். நான் எதிரே உட்கார்ந்தால் காலை நகர்த்தி இடம் விடுகிறார், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரிக்கு விடுவது போல.

அங்கே போய்ப் பேசினால்தான் இங்கே பேசமாட்டார் என்று நினைத்தேன். அங்கே போகாவிட்டாலும் பேசமாட்டார் என்று இப்போது தெரிகிறது. இதைத் தெரிந்துகொள்ளவா நூற்றைம்பது ரூபாய்?

ஜூலை 8

பக்கெட் நாறுகிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு மூடியைத் திறந்தேன். உள்ளே கறுப்புத் தண்ணீர், வெள்ளைப் புழு. மடி ஆசாரம் பார்த்து ஓட்டை போடாமல் வைத்தேன், துளசிக்குப் பக்கத்தில் இப்போது இது. இவர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். ஒரு வார்த்தை சொன்னால் என்ன? திட்டினால்கூடத் தேவலை.

ஜூலை 9

வேறு வழியில்லாமல் சாயங்காலம் மங்கலத்திடம் நானே போனேன்.

"வாருங்கோ மாமி. சாரை ஏன் காணல்ல? மேலுக்குச் சொகமில்லையா?"

பக்கெட் விஷயத்தைச் சொன்னேன். "ஓட்டை போடல்லியா? மூச்சு முட்டுமில்லா மாமி," என்றாள். சிரிக்கவில்லை. தேங்காய் நாரிலிருந்து உதிரும் தூளை ஒரு பை நிறையக் கட்டிக் கொடுத்தாள். சகிரிச்சோறு என்கிறார்கள் அதை. ஒவ்வொரு தடவை தோல் போட்டதும் மேலே ஒரு கை தூவினால் ஈரத்தைக் குடித்துக்கொள்ளுமாம். அத்தோடு விட்டிருக்கலாம்.

"இதெல்லாம் சார் சொல்லித் தந்ததாக்கும். மண்ணப் பத்தி இவ்வளவு எப்பிடித் தெரியும்ணு ஒருநாள் கேட்டேன். வெள்ளாயணி அக்ரி காலேஜ்ல சீட்டு கெடச்சும் அப்பா விடல்லேன்னு சொன்னாரு. சொல்லும்போ கண்ணு நெறஞ்சிட்டு. மாமிக்குத் தெரியாததா."

"தெரியும்," என்றேன்.

தெரியாது. எனக்குத் தெரியாது. முப்பத்து நாலு வருஷம். இவருக்கு எந்தக் காய் சேராது, எந்தப் பக்கம் படுத்தால் குறட்டை விடுவார், எல்லாம் தெரியும். இது தெரியாது. அவளுக்குத் தெரிந்திருக்கு, மீன் நறுக்கற கையோட நின்னுண்டு கேட்டவளுக்கு - எனக்கு? ஏன் எங்கிட்ட சொல்லலை? நான் என்ன வேத்து மனுஷியா?

நான் கேட்டேனா? கேட்கவில்லை. ஆபீஸ் போனார், வந்தார். காப்பி கொடுத்தேன். பத்தி எரிகிறது எனக்கு, மங்கலம் மேலா என் மேலா என்று தெரியாமல்.

ஜூலை 10

காலையில் பக்கெட் முன்னால் நின்றுகொண்டு கூப்பிட்டேன். "இது ஏன் நாத்தம் அடிக்கறது?"

"உன் பக்கெட் ஆச்சே."

"தெரியாமத்தானே கேக்கறேன்."

பேப்பரை மடித்து வைத்தார். ஸ்க்ரூடிரைவரை அடுப்பில் காட்டி அடியிலும் பக்கத்திலும் ஓட்டை போட்டார். காற்று இல்லாவிட்டால் ஒருவிதப் பூச்சி, இருந்தால் வேறுவிதம், கண்ணுக்குத் தெரியாததாம், நல்லது காற்றில்தான் வாழுமாம். பக்கெட்டை நகர்த்திக் கறிவேப்பிலைக்கு அடியில் வைத்தார். வழிகிற தண்ணீர் அதற்கு ஆகாரமாம். இருபத்திரண்டு நிமிஷம் பேசினார்.

வெள்ளாயணிப் பேச்சு மட்டும் வரவில்லை. நானும் இழுக்கவில்லை.

ஜூலை 19

இருபத்தெட்டு நிமிஷம். முட்டைக்கோஸ் அழுகினால் ஏன் அந்த வாடை என்பது பற்றி.

ஜூலை 24

தட்டோடு மங்கலம் வீட்டுக்குப் போனார். நான்தான் அனுப்பினேன், இரண்டு பக்கெட்டும் நிறைந்துவிட்டன. பதினைந்து நிமிஷத்தில் வந்துவிட்டார். ஆனாலும் மணி பார்த்தேன்.

ஆகஸ்ட் 2 - சனி

முதல் பக்கெட் உரம். இருவருமாகப் பழைய பேப்பரில் கொட்டிச் சலித்தோம். கறுப்பாக, உதிரியாக, மழை பெய்த வாடையோடு இருக்கிறது. ஒரு பிடியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு, என்னைப் பார்க்காமல், "எனக்கு வெள்ளாயணியில சீட்டு கிடைச்சது, தெரியுமோ நோக்கு?" என்றார்.

"தெரியாது," என்றேன். "சொல்லுங்கோ."

சொன்னார். அப்பா மறுத்தது, உடனே ஆபீஸ் வேலைக்குப் பரீட்சை எழுத வைத்தது. கிளாஸ் தொடங்கின அன்றைக்கு யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறி வெள்ளாயணிக்குப் போனாராம். காலேஜ் வாசலில் பையன்கள் உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அம்மாவுக்கு மட்டும் எப்படியோ தெரிந்து எலுமிச்சஞ்சாதம் கட்டிக் கொடுத்திருக்கிறாள். அதைக் காயல் கரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டு, திரும்பிவிட்டார்.

மணி பார்க்க மறந்துபோனேன்.

மங்கலம் சொன்னதில் பஸ் இல்லை. காயல் கரை இல்லை. எலுமிச்சஞ்சாதமும் இல்லை. ராத்திரி சாப்பாட்டுக்கு அரிசி களையும்போது இன்னொரு தடவை யோசித்துப் பார்த்தேன். இல்லை, அவள் அதெல்லாம் சொல்லவில்லை.