ஏழாம் வகுப்பில் சேர்ந்தவள்

ஜூன் 9, 2025

ஆறிலிருந்து பத்துவரை மொத்தமே ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள். காலனிப் பிள்ளைகள், விடுதியில் தங்கும் மலைப் பிள்ளைகள். ஊர்த்தெருவிலிருந்து ஒன்றுகூட இல்லை. போன ஜூனில் நான் தலைமையாசிரியையாக வந்த அன்றைக்கே ஊர்த்தெருத் தனசேகரன் பள்ளிக் கேட்டில் நின்று கத்தினானே— "காலனிக்காரிகிட்ட எம் பொண்ணு படிக்கணுமா? வேனை வரச்சொல்லு!" ஊர்த்தெருவே தனியார் பள்ளி வேனில் ஏறிப் போனது. மறப்பேனா?

ஜூன் 16

வந்தான்! செருப்பை வாசலில் விட்டுவிட்டு, மகள் சுபஸ்ரீயோடு.

"டீச்சரம்மா, ஏழாவதுல சேத்துக்கங்க. கவர்மெண்ட் ஸ்கூல் பசங்களுக்கு டாக்டர் படிப்புல தனி சீட்டு கீதாமே. பாப்பாவுக்கு அதான் ஆசை."

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் அந்தச் சீட்டு. இவள் ஆறாவதை வேனில் போய்ப் படித்துவிட்டாள். யார் மேலிருந்த வெறுப்பில்? அவன் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. "தாராளமா சேத்துக்கலாம்" என்றேன்.

ஜூன் 17

நன்றாகத் தூங்கினேன்.

ஜூன் 24

அறிவியல் ஆசிரியர் பகலவன் வந்தார். "மேடம், அந்தாளுக்கு விஷயம் தெரியுமா? இப்பவே ஆறாவதுல உக்கார வெச்சா ஒரு வருஷந்தான் போவும். சீட்டு தப்பிக்கும். சொல்லிடுங்க."

"நானே சொல்றேன் சார்."

சொல்லுவேனா? அன்னிக்கு கேட்ல நான் கூனிக் குறுகி நின்னப்ப யாரு வாயத் தொறந்தா? இவர்தான் தொறந்தாரா? மாட்டேன். அனுபவிக்கட்டும்.

ஜூலை 8

ஊர்த்தெருவிலிருந்து இன்னும் ஆறு பேரைத் தனசேகரனே கூட்டிவந்தான். கும்பிடு வேறு. வயிறு குளிர்ந்தது.

ஜூலை 21

காலை வணக்கக் கூட்டத்தில் அபிநயா மயங்கி விழுந்தாள். தனசேகரன் கரும்புக் காட்டில் கூலிக்குப் போகும் காலனி முனியனின் மகள். சுபஸ்ரீதான் ஓடிவந்து மடியில் தாங்கிக்கொண்டாள். தன் சாப்பாட்டையும் ஊட்டிவிட்டாள். "வூட்ல சொல்லிடாதீங்க டீச்சர்" என்றாள். "நான் டாக்டராயி நம்ம ரிஷிவந்தியம் ஆஸ்பத்திரிக்கே வந்துடுவேன்."

பாழாய்ப்போன பெண். இவள் என்னை என்ன செய்தாள்?

ஜூலை 22

சொல்லிவிடலாமா?

ஜூலை 23

அந்தக் கேட் வழியாகத்தான் தினமும் வரவேண்டியிருக்கிறது. இல்லை.

அக்டோபர் 6

இந்த வருஷச் சேர்க்கை முடிந்தது. இனி வகுப்பு மாற்ற முடியாது.

"சொல்லிட்டீங்கள்ல மேடம்?" என்றார் பகலவன்.

"சொன்னேன் சார். வருஷம் வீணாப் போவக்கூடாதுன்னுட்டார்."

மதியம் சுபஸ்ரீ காலாண்டுத் தேர்வின் அறிவியல் தாளோடு வந்தாள். தொண்ணூற்றெட்டு.

"டாக்டருக்கு இது போதுமா டீச்சர்?"

"இன்னும் நல்லா படிக்கணும்" என்றேன். சரியென்று தலையாட்டிவிட்டு வகுப்புக்கு ஓடினாள்.