ஏழால் பெருக்கினால்

ஜூன் 12, சின்னக்கானல்
மழை. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பேசப் பேசப் போனே எழுதிக்கொள்கிறது. மகன் பாண்டித்துரை ஃபேக்டரிக்குப் போய்விட்டான். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் நான் மட்டும். மலைக்குளிர் பச்சைப்பிள்ளைக்கு ஆகாது என்று மகள் சிவசங்கரி பேறுகாலத்துக்கு இங்கே வரவில்லை. அதனால் என் வீட்டுக்காரி மூக்கம்மாள் கொல்லங்கோட்டுக்கு, மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். ரெண்டு மாசமாச்சு. நானும் போயிருக்கலாம். ஆனால் பெண் கொடுத்த வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிடுவதா? எங்கள் பக்கம் அது கேவலம்.

ஜூன் 14
மூக்கம்மாளிடமிருந்து போன் வந்தது. சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன். அதோடு பேச்சு தீர்ந்தது. பிறகு மனக்கணக்கு — கொழுந்து எடுத்த காலத்திலிருந்தே எங்களுக்குள் போட்டி. இன்றைக்கு ஒரு எண் சொன்னாள்: ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பத்தேழு.
"ரெண்டால பெருக்குங்க பாப்போம்."
ரெண்டு லட்சத்து எண்பத்தைந்தாயிரத்து எழுநூற்றுப் பதினாலு. அட! அதே ஆறு இலக்கம், இடம் மட்டும் மாறி நிற்கிறது. மூணால் பெருக்கினேன். அப்பவும் அதேதான்.
"யார் சொன்னது புள்ள?"
"மாப்பிள்ளை."
ருசி போய்விட்டது.

ஜூன் 15
நாலுக்கும் அப்படியே. ஐந்தில் தப்புவிட்டேன். கடைசி இரண்டு இலக்கத்தை மாற்றிச் சொல்லிவிட்டேன். அவள் சிரித்தாள். பின்னாலேயே ஆண் சிரிப்பும் கேட்டது. ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள்! மாப்பிள்ளை பாண்டீஸ்வரன் முன்னால என்னைய எதுக்குடி சிரிப்பாச் சிரிக்க வைக்கிற? கட் பண்ணிவிட்டேன்.

ஜூன் 19
நாலு தடவை போன் அடித்தாள். எடுக்கவில்லை.

ஜூன் 22
இன்றைக்கு அடிக்கவே இல்லை. அடுப்பில் கஞ்சி தீய்ந்தது. அவள் இருந்தால் திட்டியிருப்பாள். திட்டு கேட்கக்கூட ஆளில்லை.

ஜூன் 25
மாப்பிள்ளையே கூப்பிட்டார்.
"மாமா, ஏனுங்க கோவம்? நானும் போன வாரம் அதே அஞ்சுலதானுங்க மாட்டுனேன். அத நெனச்சுத்தானுங்க சிரிப்பு வந்துச்சு."
"பிள்ளை எப்படி இருக்கு" என்றேன். பின்னாலிருந்து மூக்கம்மாள் சத்தம்: "ஏழால பெருக்கியாச்சான்னு கேளுங்க!"

ஜூன் 26
காலையில் தேத்தண்ணி ஆறும்வரை உட்கார்ந்து போட்டேன். ஆறு வரைக்கும் அதே இலக்கங்கள் வட்டம் சுற்றுகின்றன. ஒருத்தர் முன்னே வர, ஒருத்தர் பின்னே போக. ஆனால் யாரும் வெளியே போகவில்லை. ஏழால் பெருக்கினால் — ஒன்பது, ஒன்பது, ஆறும் ஒன்பது. முன்னே எது, பின்னே எது, ஒன்றுமில்லை. எல்லாம் ஒரே உயரம்.
அந்த வீட்டில் மாப்பிள்ளை, அவர் அப்பா அம்மா, சிவசங்கரி, பிள்ளை, இவள். ஆறு பேர்.
நான் போனால் ஏழு.
யாருக்கு முன்னால் நிற்கணும் என்று இத்தனை நாள் இங்கே கிடந்தேன்?
விடையைப் போனில் சொல்லவில்லை. நேரில் சொல்லணும்.

ஜூலை 3, கொல்லங்கோடு
என்ன வெயில்! குளித்துவிட்டு வந்து, மலைப் பழக்கத்தில் ஸ்வெட்டரைத் தேடினேன். மூக்கம்மாள் அதை நறுக்கி மடியில் வைத்திருக்கிறாள். பிள்ளைக்குத் தலையணை உறையாம்.
"ஏ புள்ள, திரும்பப் போறப்ப குளிருக்கு நான் என்ன செய்ய?"
ஊசியையும் நூலையும் என் பக்கம் நீட்டினாள்.
கோத்துக் கொடுத்தேன்.