முள்ளுக்கம்பிக்கு அங்கால

அன்புள்ள அம்மாவுக்கு,

மாதாவின்ர காவலில நான் நல்ல சுகம். உங்கட முழங்கால் நோ எப்பிடி? மருந்தை இடையில விட்டிடாதேங்கோ.

போன ஞாயிறு பூசை முடிய, பீற்றர் அண்ணை என்னை லண்டனுக்கு வெளியில ஒரு நடைபயணக் குழுவோட கூட்டிக்கொண்டு போனார். இஞ்ச வயலுக்குள்ளால சனம் நடக்கிற பழைய பாதையளை ஆரும் அடைக்க ஏலாது, சட்டம். ஒரு கமக்காரன் முள்ளுக்கம்பி இழுத்து அடைச்சிட்டான். பயிரை மிதிக்காமல் அந்தப் பாதையால நடந்து காட்டிறதுதான் குழுவின்ர போராட்டம்.

எல்லாரும் கம்பியைத் தாண்டிச்சினம். எனக்குக் கால் எழும்பேல்லை. நாயோட கத்திக்கொண்டு வந்த கமக்காரன் என்னைக் காட்டி, "இவன் ஒருத்தனுக்குத்தான் மரியாதை தெரியும்" எண்டான். எனக்குச் சுள்ளெண்டு கோபம் வந்திட்டுது. தாண்டினன். பீற்றர் அண்ணையின்ர காலடி பதிஞ்ச இடத்திலேயே கால் வைச்சு வைச்சு அந்த வயலைக் கடந்தன்.

புதுசா ஒரு பயிரையும் மிதிக்காத ஆள் நான்தான் எண்டு குழுத் தலைவி கைதட்டினா. நானும் சிரிச்சன். பயிரை ஆர் பாத்தது அம்மா? மிதிவெடிக்குப் பயந்தெல்லோ நடந்தனான்.

எங்கட ஒழுங்கையில ஆமி வெடி தாட்டு அடைச்ச முள்ளுக்கம்பியை எடுத்தாச்சு, சனம் வீடு பாக்கப் போகுது, நானும் போகப்போறன் எண்டு எழுதியிருக்கிறியள். வெடி எடுத்து முடிஞ்சுது எண்டு ஆரும் சொன்னவையோ?

மிளகாய்த்தூள் அனுப்பேக்க பாசலில நீங்களே பேர் எழுதுங்கோ. அதிலயும் உங்கட எழுத்தைப் பாக்கவேணும்.

ஷிப்டுக்கு நேரமாகுது. போகாதேங்கோ அம்மா. எனக்கு முன்னால நடக்க பீற்றர் அண்ணை இருந்தார். உங்களுக்கு முன்னால நடக்க நான் அங்க இல்லை.

உங்கட மகன்,
அமலதாஸ்