பெட்டி போட்ட மார்க்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, உன் தங்கை, நம் சின்னக் கார் ஆகிய நால்வரும் நலம். நீயும் நலம் என்று போனில் கேட்ட குரலை வைத்து முடிவு செய்திருக்கிறேன், ஆனால் அந்த இருமல் என்ன ஆயிற்று என்று தனியாக எழுது. இரண்டு வாரமாகச் சாயங்காலம் போன் செய்தால் வீட்டில் ஒருவரும் எடுப்பதில்லை என்று கோபித்துக்கொண்டாய். உன் தங்கையைக் கேட்டதற்கு "மார்க் வாங்கப் போயிருந்தோம்ணா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாளாம். அவள் சொன்னது உண்மைதான். போனில் விவரித்தால் நீ நடுவில் சிரிப்பாய், நான் விட்ட இடத்தை மறந்துவிடுவேன், அதனால் எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டுச் சிரி.

உன் தங்கைக்கு, நம் புயலுக்கு, ஊர்க்கோடியில் இருக்கும் கால்நடை மருத்துவமனையில் ஒரு வருடப் பயிற்சி வேலை கிடைத்தது உனக்குத் தெரியும். காலை ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். இரவு தங்கிய நாய் பூனைகளின் கூண்டைத் திறந்து, எடை பார்த்து, தண்ணீர் வைத்து, மருத்துவர் வருவதற்குள் எல்லாவற்றின் காய்ச்சலையும் அட்டையில் எழுதி வைக்க வேண்டும். அந்தப் பக்கம் முதல் பஸ் ஏழு மணிக்குத்தான். இரண்டு நாள் தாமதமானால் அடுத்த ஆளைக் கூப்பிடுவோம் என்று அங்கே முதல் நாளே சொல்லிவிட்டார்கள். ஆக, கார் இருந்தால் வேலை, இல்லையென்றால் இல்லை. லைசென்ஸை முதல் தடவையிலேயே வாங்கிவிட்டாள். சின்ன வயதில் அவள் உடைக்காத பொருள் இந்த வீட்டில் இல்லை, அதனால்தானே புயல் என்று பேர் வைத்தோம், ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்தால் எறும்பு. பதினெட்டு வயதில் நீ ஓட்டிய ஓட்டத்தில் பக்கத்து வீட்டுச் சுவருக்குப் போட்ட சிமென்ட் ஒட்டு இன்னும் அப்படியே இருக்கிறது, தினமும் துணி காயப்போடும்போது உன்னை நினைத்துக்கொள்கிறேன்.

அப்புறம்தான் இன்ஷூரன்ஸ் வந்தது. நான் ஓட்டினால் ஒரு தொகை, பதினெட்டு வயதுப் புது ஓட்டுநர் ஓட்டினால் அதைப் போல நாலு மடங்கு. முதல் கம்பெனி சொன்ன தொகையைக் கேட்டு உன் அப்பா "காரையும் சேர்த்துத் தர்றாங்களா?" என்று கேட்டார். நீ அன்றைக்குப் போனில், "அம்மா, உன் பேர்ல போட்டுட்டு அவளை ஓட்ட விடு, எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க" என்றாய். உன் அப்பாவும் நல்ல யோசனை என்று தலையாட்டினார். நான் கேட்கவில்லை, அதற்கு நீ என் மேல் வருத்தப்பட்டாய் என்பதும் தெரியும். ஒரு உதாரணம் சொல்கிறேன். பரீட்சை ஹாலில் ஒருவன் பேரில் இன்னொருவன் உட்கார்ந்து எழுதியதை நான் இரண்டு தடவை பிடித்திருக்கிறேன். இரண்டு பேருமே நன்றாக எழுதியிருந்தார்கள், ஒரு மார்க்கும் கிடைக்கவில்லை. நாளைக்கே அவள் கார் எங்கேயாவது இடித்து, தினமும் ஓட்டுவது யார் என்று கம்பெனிக்காரர்கள் விசாரித்தால், கட்டிய பணமும் போய், கிடைக்க வேண்டியதும் கிடைக்காமல் நாம் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டும். அதனால் பழைய மார்க் ரிஜிஸ்டரில் மிச்சமிருந்த பக்கங்களில் கோடு போட்டு, ஏழு கம்பெனியிடம் கேட்டு எழுதினேன். டயர் கடை மாடியில் ஓர் ஏஜென்ட் அம்மா இருக்கிறார், எதையும் மூடி மறைக்காமல் சொல்லுகிறவர். என்னை இரண்டாவது ஓட்டுநராகச் சேர்த்தால் கொஞ்சம் குறையும், ஓட்டுநர் பள்ளியில் கூடுதலாக ஆறு வகுப்பு போய்ச் சான்றிதழ் வாங்கினால் கொஞ்சம், வருடத்துக்கு இத்தனை கிலோமீட்டர்தான் என்று எழுதிக் கொடுத்தால் கொஞ்சம் என்று ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தார். அப்படியும் எட்டவில்லை. கடைசியாகத்தான் பெட்டியைப் பற்றிச் சொன்னார்.

சோப்பு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. காரில் பொருத்திவிட்டால் எவ்வளவு வேகம், எங்கே திடீர் பிரேக், எந்தத் திருப்பத்தில் அவசரம் என்று பார்த்து ஒவ்வொரு நாளும் நூற்றுக்கு மார்க் போடும். மறுநாள் காலை போனில் தெரியும். முதல் இரண்டு மாதம் பழகுவதற்கு. மூன்றாவது மாதச் சராசரி எண்பதைத் தொட்டால் குறைந்த பிரீமியம் வருடம் முழுக்க, தொடாவிட்டால் பழைய நாலு மடங்கு. முப்பத்தொரு வருடம் நான் மார்க் போட்ட வீட்டில், சோறு தண்ணீர் கேட்காத ஒரு வாத்தியார் வந்து உட்கார்ந்துவிட்டார் என்று உன் அப்பாவுக்கு ஒரே சந்தோஷம்.

மூன்றாவது மாதம் பாதிவரை எண்பத்திரண்டில் போய்க்கொண்டிருந்தது. அதில் ஒரு நாள் ஒரு நாய் குறுக்கே ஓடி, இவள் பிரேக் போட்டு, நாய் பிழைத்தது. பெட்டி அறுபத்து நாலு போட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. உயிரைக் காப்பாற்றியதற்கு மார்க்கைக் குறைப்பது என்ன திருத்தம்? இந்த வாத்தியார் ஒழுங்காகத்தான் திருத்துகிறாரா என்று பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது சாவியை எடுத்துக்கொண்டு, விளையாட்டு மைதானத்துக்குப் பின்னால் ஆள் நடமாட்டமில்லாத சாலைக்குப் போனேன். முதலில் மெதுவான பிரேக், அடுத்து நடுத்தரம், அடுத்து முழு பலத்தோடு. பிறகு திருப்பங்கள். நான் அறிவியல் வாத்தியார் அல்லவா, எந்தச் சோதனையையும் ஒரு தடவை செய்து நிறுத்த மாட்டேன், மூன்று தடவை செய்து சராசரி எடுப்பேன். ஒவ்வொன்றையும் நேரத்தோடு நோட்டில் குறித்தேன். நான் ஓட்டியது என் கணக்கில் தனியாக வரும் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு உன் தங்கை சமையலறையில் போனைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள். நேற்றைய மார்க் நாலு. சராசரி எழுபத்தேழு. "நேத்து நான் வண்டியே எடுக்கலையேம்மா, பெட்டி கெட்டுப்போச்சா?" என்று கேட்டாள். அந்த நிமிஷமே நான் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா, சாப்பாட்டு டப்பாவின் மூடியை ரொம்ப நேரம் மூடிக்கொண்டிருந்தேன். அவள் வேலைக்குப் போய்விட்டாள். சாயங்காலம் வந்து டயரைத் தட்டிப் பார்த்தாள், பிரேக்கை அழுத்திப் பார்த்தாள், "நான்தான் ஏதோ தப்பா ஓட்டறேன் போல" என்று தன் அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அதற்கு மேல் தாங்கவில்லை. நோட்டைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தேன். ஒவ்வொரு வரியாகப் படித்தாள். "மூணு தடவையா? ஒரு தடவை பத்தாதாம்மா?" என்றாள். கண்ணில் தண்ணீர், ஆனால் வாயில் சிரிப்பு. எது முதலில் வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த நாளே நோட்டோடு டயர் கடை மாடி ஏறினேன். ஏஜென்ட் அம்மா பொறுமையாகப் பார்த்துவிட்டு, "டீச்சர், பெட்டிக்கு ஆள் தெரியாது, கார்தான் தெரியும்" என்றார். மறுமதிப்பீடு உண்டா என்று கேட்டேன். இல்லையாம். ஒரு வழி மட்டும் சொன்னார். அன்றன்றைக்கு ஓட்டிய தூரம் முழுவதையும் பார்த்துத்தான் மார்க் போடுகிறது. மருத்துவமனைப் பாதையில் ஓர் இறக்கம், அதன் அடியில் சிக்னல், அங்கேதான் மார்க் போகிறது. மாலையில் நல்ல சாலையில் கொஞ்ச தூரம் நிதானமாக ஓட்டினால் அந்த நாளின் மார்க் ஏறும். மீதி இருந்தது பதினாலு நாள்.

ஆகையால் பதினாலு நாளும் சாயங்காலம் ஆறரைக்கு மூன்று பேரும் காரில் ஏறி, எங்கேயும் போகாமல் போய்விட்டு வந்தோம். நீ போன் செய்தது அந்த நேரத்தில்தான். நான் தண்டனையாகப் பின்சீட்டில், பிஸ்கட் பொட்டலத்தோடு. உன் அப்பா முன்சீட்டில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டே வருவார். "அப்பா, உங்க கால் தரையை ஓட்டை போட்டுடும்" என்று அவள் சொல்வாள். நாங்கள் தினமும் போன அந்தப் பழத்தோட்டச் சாலை இவ்வளவு அழகு என்று இந்த வயதில்தான் பார்க்கிறேன். மார்க் எண்பத்து நாலு, எண்பத்தைந்து என்று வந்தது. ஆனால் ஒரு நாள் மஞ்சள் விளக்கு விழுந்தபோது அவள் ஒரு கணம் தயங்கி, பிரேக் போடாமல் கடந்துவிட்டாள். பிரேக் போட்டால் மார்க் போகும் என்று யோசித்திருக்கிறாள். மார்க்கை நினைத்து எழுதுகிற பிள்ளையைத் தெரியும், மார்க்கை நினைத்து ஓட்டுகிற பிள்ளையை அன்றுதான் பார்த்தேன். வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, வேலை போனால் போகட்டும், பணம் போனால் போகட்டும், குறுக்கே ஏதாவது வந்தால் பெட்டி இருப்பதையே மறந்துவிடு என்று சொன்னேன். தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தாள்.

கடைசி நாள். அன்று காலைச் சராசரி எண்பதும் கொஞ்சமும். வீட்டுக்கு இரண்டு தெரு முன்னால், நிறுத்தியிருந்த இரண்டு வேன்களுக்கு நடுவிலிருந்து குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் சாலையில் இறங்கிவிட்டாள். கார் நின்ற வேகத்தில் பிஸ்கட் எல்லாம் முன்சீட்டுக்குப் போனது. குழந்தை வண்டிக்கும் நமக்கும் நடுவில் இன்னும் ஓர் ஆள் நிற்கலாம், அவ்வளவு இடம். அந்தப் பெண் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அந்தப் பக்கம் போனாள். உன் தங்கை ஸ்டியரிங்கை விடாமல், "போச்சும்மா" என்றாள். உன் அப்பா, "போகட்டும்மா, நீ நல்லா நிறுத்தின" என்றார். அந்த மனிதர் யாரையும் பாராட்டி நான் கேட்டதே இல்லை.

மறுநாள் காலையில் போனில் சராசரி எண்பது என்று இருந்தது. நம்ப முடியாமல் ஏஜென்ட் அம்மாவிடம் ஓடினேன். அவர் கணினியில் பார்த்து, "உள்ளே எழுபத்தொன்பது புள்ளி ஆறுதான் டீச்சர், புள்ளி அஞ்சுக்கு மேல இருந்தா கம்பெனி அடுத்த முழு எண்ணா எடுத்துக்கும்" என்றார். அரை மார்க்குக்காக என் மேஜைப் பக்கத்தில் வந்து நின்ற பிள்ளைகள் எத்தனை பேர், ஒருத்தருக்காவது போட்டிருப்பேனா? படியிறங்கும்போது அவர்கள் முகமெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. வேலை நிலைத்துவிட்டது, பிரீமியம் கட்டியாகிவிட்டது, பெட்டி இன்னும் காரில்தான் இருக்கிறது.

நீ விடுமுறைக்கு வரும்போது ஸ்டேஷனுக்கு அவள்தான் வருவாள். சாவியைக் கேட்காதே, பாலிசியில் உன் பேர் இல்லை, பக்கத்து வீட்டுச் சுவரும் சம்மதிக்காது. வழியில் அவள் திடீரென்று பிரேக் போட்டால் ஒன்றும் கேட்காதே, முன்னால் என்ன வந்தது என்று மட்டும் பார். கம்பளிச் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள், இருமலுக்கு வெந்நீர் குடி. நீண்ட ஆயுளும் நிறைந்த மனமுமாக இரு கண்ணா. அப்பாவின் ஆசியும் இதில் சேர்ந்திருக்கிறது, அவர் கீழே காரைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

பின்சீட்டிலிருந்து,
உன் அம்மா