பொம்பளைச் சீக்கு

சேசு மரி சூசை துணை

ஒக்கலிபுரம், பெங்களூர்
3-3-1957

அன்புள்ள மகன் சவரிமுத்துவுக்கு அம்மா அல்போன்சா எழுதுவது. இங்கு நானும் உன் மனைவி பெர்னதெத்தும் உயிரோடு இருக்கிறோம். உன் சுகத்தை விசாரிக்க மனம் வரவில்லை. எப்போதும் எழுதிக்கொடுக்கும் பக்கத்து வீட்டு நோராவிடம் இதைச் சொல்ல வாய் கூசுகிறது. அதனால் நானே எழுதுகிறேன். பிழை இருந்தால் கூட்டிப் படித்துக்கொள்.

உன் கடிதம் வந்தது. "பொம்பளச் சீக்கு பிடிச்சவள இன்னும் ஏன் வீட்ல வெச்சிருக்கீங்க, மாரிக்குப்பத்துக்கு அவ அப்பன் வீட்டுக்குத் தொரத்துங்க" என்று எழுதியிருக்கிறாய். சீக்கை வாங்கி வருகிறவன் ஆம்பிளை, பெயர் மட்டும் பொம்பளைக்கா? எந்த மகாராசன் வைத்த பெயரோ!

ஆஸ்பத்திரியில் பிள்ளைத்தாய்ச்சிகள் எல்லோருக்கும் ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். இவளுக்குப் பாசிட்டிவ் என்று வந்தது. லேடி டாக்டர் நம்பாமல் மறுபடியும் எடுத்துப் பார்த்தார். அதேதான். கிருமி உள்ளே புகுந்தால் அதை எதிர்த்து நிற்க உடம்பே ரத்தத்தில் ஒருவகைச் சத்தை உண்டாக்குமாம். புரோட்டீன் என்றார். அது தென்பட்டால் கிருமி வந்திருக்கிறது என்று அர்த்தமாம். யார் கொண்டுவந்தது என்று கேட்டேன். அதை ரத்தம் சொல்லாது, முதலில் புருஷனைக் கூப்பிடுங்கள் என்று கன்னடத்தில் அதட்டினார். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

எனக்கு ரத்தம் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணத்துக்கு நீ பம்பாயிலிருந்து வந்தபோது உன் வேட்டியை யாரையும் தொடவிடாமல் நீயே துவைத்தாய். அம்மாவுக்குச் சிரமம் கொடுக்காத பிள்ளை என்று தெருவெல்லாம் பெருமை பேசினேன். தூ! போன வருடம் எட்டாம் மாதத்தில் பிள்ளை செத்துப் பிறந்ததே, அதற்கும் இவள் ராசியைத்தான் திட்டினாய். அந்தப் பிஞ்சைக் கொன்றதும் இந்தச் சீக்காகத்தான் இருக்கும் என்கிறார் டாக்டர்.

உன் அக்கா பிரிஜெட் வந்து இவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் எடுத்து வைத்தாள். படித்தவளாம்! இரண்டையும் அவள் பையிலேயே போட்டு, "உன் தம்பி வந்தால் அவனுக்கு வை" என்று அவளிடம் சொல்லி அனுப்பிவிட்டேன்.

இவளுக்குப் பென்சிலின் ஊசி போடுகிறார்கள். போட்ட இடம் வீங்கி, ஒருக்களித்துத்தான் படுக்கிறாள். உன்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. இப்போது வயிற்றில் இருக்கும் இந்தப் பிள்ளை பிழைக்கும் என்று டாக்டர் நம்பிக்கை சொல்கிறார். ஆனால் நீ ஊசி போடாமல் வந்து இவளைத் தொட்டால் எல்லாம் வீண்.

ஆகையால் அங்கேயே ஆஸ்பத்திரிக்குப் போ. வெட்கமாக இருக்கிறது என்று சாக்குச் சொல்லாதே, அது உனக்கு இப்போது புதிதாக வர வேண்டாம். ஊசி முடியும்வரை இந்த வாசற்படியை மிதிக்காதே. இவள் எங்கும் போகமாட்டாள்.

ஒவ்வொரு கடிதத்தையும் முடிக்கும்போது உன் நெற்றியில் சிலுவை போடுவதாக நினைத்துக்கொண்டுதான் ஆசீர் எழுதுவேன். இன்று கை கூசுகிறது, மகனே. சுகமாகி வா. வந்தால் போடுகிறேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற
அல்போன்சா