மருந்தை ஏற்றாதீர்கள், அக்கா

தார்மணல் ஆலை, ஃபோர்ட் மக்மரி
2-9-1996

அன்பு வெர்னா அக்கா,

இரண்டு வாரம் உங்கள் நாற்காலியைச் சூடாக வைத்திருந்தேன். அடுத்த இரண்டு வாரம் உங்கள் பாடு. டிராயரில் என் மனைவி சுட்ட ரொட்டி இருக்கிறது. போன தடவை மாதிரி பஸ் டிரைவருக்குத் தானம் செய்யாதீர்கள்.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். புதுச் சுரங்கத்து மண்ணில் களிமண் அதிகம். தாரில் நாப்தா கரைப்பானைக் கலந்து, தண்ணீரைப் பிரிக்கும் மருந்து விட்டு, பாட்டிலைக் குலுக்கி வைத்தால் பத்து நிமிடத்தில் தண்ணீர் இறங்குவதில்லை. தாருக்கும் தண்ணீருக்கும் நடுவே சேறு தொங்குகிறது. பொறுங்கள், அரை மணியில் இறங்கிவிடும். மருந்தை மட்டும் ஏற்றாதீர்கள், அக்கா. கூடிப்போனால் சேறு இன்னும் இறுகிவிடும். ஃபோர்மேன் டக் வந்து கத்துவார். கடமான் கத்துகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி லியோ

---

ஃபோர்ட் மக்மரி
7-9-1996

தம்பி லியோ,

ரொட்டியை நானே தின்றேன். இனி எனக்கு ரொட்டி தருவாயோ என்னவோ.

மருந்தை ஏற்றிவிட்டேன். டக் தலைக்கு மேல் நின்று, "என்னம்மா, பாட்டில வேடிக்க பாக்கவா சம்பளம்? தண்ணி எறங்கலேன்னா மருந்த ஏத்து!" என்று கத்தினார். பயந்துபோய் இரண்டு முறை ஏற்றினேன். மூன்று நாள் தண்ணீரும் களிமண்ணுமாய்த் தார் குழாயில் போயிருக்கிறது.

விசாரணையில் டக் தனக்கு ஒன்றும் தெரியாது என்று கையை விரித்துவிட்டார். என்னைக் கேட்டபோது, "லியோதான் ஏத்தச் சொல்லி எழுதி வச்சிருந்தான்" என்று சொல்லிவிட்டேன். எங்கள் ஊர் நியூஃபவுண்ட்லாந்தில் அரசு மீன்பிடிப்பை மூடியதிலிருந்து என் வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். அதற்காக உன்னை மாட்டிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. இதை டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

வெர்னா

---

லாக் லா பிஷ்
10-9-1996

அக்கா,

ஆலையிலிருந்து போன் வந்தது. "ஆமா, நான்தான் எழுதினேன். அந்தக் காகிதம் இப்ப இருக்காது" என்றேன். வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

கோபம் வந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். நாள் முழுக்க விறகு வெட்டினேன். "மூணு குளிருக்குப் போதும், கோடாலியக் கீழ வைய்யா" என்றாள் மனைவி. அப்புறம் ஆறிவிட்டது. எனக்கு அண்ணனின் மர ஆலை இருக்கிறது. உங்களுக்கு அங்கே கடல் மூடிக் கிடக்கிறது. என் முதல் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள்.

லியோ

---

ஃபோர்ட் மக்மரி
12-9-1996

என் தம்பிக்கு,

அடுப்பில் போடவில்லை. மேலாளர் அம்மாவின் மேசையில் வைத்து, நான் சொன்னது பொய் என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் கடமான் வரி வரை உரக்கப் படித்தார். பக்கத்தில் நின்ற டக்கின் காது சிவந்ததை நீ பார்த்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை நீ வேலைக்கு வருகிறாய், போன் வரும். எனக்கு அன்றோடு வேலை முடிகிறது; கணக்குத் தீர்த்து அனுப்புகிறார்கள். ஊரிலிருக்கும் என் வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். "சரி, வந்து சேரு" என்றார். ஆனாலும் நேற்று நன்றாகத் தூங்கினேன்.

நாலு வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். நீ வரும் பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் நான் போய்விடுவேன். உன் முகம்கூட எனக்குத் தெரியாது. இந்தத் திங்கட்கிழமை என் பஸ்ஸை விட்டுவிடப் போகிறேன். ஆறு மணிக்கு நீ இறங்கும் இடத்தில் நிற்பேன். திட்டுவதானால் நேரில் திட்டு.

அக்கா வெர்னா