என் இடத்தில் போனவள்

லண்டன்,
19 மே 2026

மதிப்புக்குரிய சற்குணம் அண்ணை அவர்களுக்கு,

பதினாறு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். இனிமேல் ஏலாது. அதற்காக மரியாதை விட்டு எழுதவும் மாட்டேன். முழங்கால் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்ததாகக் கேள்விப்பட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை டாவிஸ்டொக் சதுக்கத்தில் நீங்கள் தடியில்லாமல் நடந்து ஒலிவாங்கிக்கு வந்ததை நேரிலும் பார்த்தேன்.

நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. போரில் ஆயுதம் தூக்க மறுத்தவர்களுக்கான நினைவுக்கல்லைக் காட்டவென்று மகள் ஜதுர்ஷிகாவின் வகுப்பைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிப் போனார்கள். துணைக்குப் பெற்றோர் தேவை என்றார்கள். எனக்கு அன்று ஷிப்ட் இல்லை. யார் பேசப்போகிறார் என்று தெரிந்திருந்தால் வந்திருக்க மாட்டேன்.

நன்றாகப் பேசினீர்கள். வன்னியில், 2007இல், வீட்டுக்கு ஒருவர் கட்டாயம் வரவேண்டும் என்று இயக்கம் சொன்ன காலம். மூன்று பேர் வீட்டுக்கு வந்தது, முருங்கை மரத்தில் சைக்கிளைச் சாத்தியது, “காயப்பட்டவரைத் தூக்குறன், பங்கர் வெட்டுறன், துவக்கு மட்டும் தொடமாட்டன்” என்று நீங்கள் சொன்னது எல்லாம் அப்படியே வந்தது. வந்தவர்களில் ஒருவனின் செருப்பு வார் அறுந்திருந்ததைக்கூட நீங்கள் விடவில்லை. அந்தச் செருப்பை நான்தான் பார்த்தேன், அண்ணை. அது என் வீட்டு முற்றம். என் முருங்கை மரம்.

வால்தம்ஸ்டோ வீட்டுக் குசினி உங்களுக்கு மறந்திருக்காது. எட்டுப் பேர் இருந்தோம். அகதி விண்ணப்பத்துக்கான ஹோம் ஒபிஸ் இன்டர்வியூ கிட்ட வந்தவர் கறி காய்ச்சிக்கொண்டே தன் கேஸைச் சொல்வார். இன்னொருவர் அதிகாரியாகி குறுக்குக் கேள்வி கேட்பார். நான் சொன்ன அன்று நீங்கள்தான் அதிகாரி. என்ன மரம், எத்தனை மணி, செருப்பு என்ன நிறம் என்று என்னைப் பிழிந்து எடுத்தீர்கள். எனக்கு உதவி செய்கிறீர்கள் என்று நினைத்தேன். உங்கள் இன்டர்வியூ என்னுடையதற்கு எட்டு நாள் முந்தி வந்தது.

அது முடிந்து வந்து படிக்கட்டில் வைத்துச் சொன்னீர்கள்: “தம்பி, உன்ர கதையைத்தான் சொல்லிப்போட்டன், குறை நினையாதை. நான் சண்டை முழுக்கக் கொழும்பில, கொட்டாஞ்சேனை லொட்ஜில படுத்துக் கிடந்தனான் எண்டு சொன்னால் ஆர் விசா தருவினம்? நீ படிச்சவன், உனக்கு வேற ஒண்டு யோசிக்க ஏலும்.”

யோசித்தேன். ஒரே வீட்டில் இருவர் ஒரே கேஸைச் சொன்னால் இரண்டும் போய்விடும் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். இயக்கத்துக்கு மூட்டை சுமந்தேன், அதற்காக ஆமி பிடித்து அடித்தது என்று சொன்னேன். நம்பிவிட்டார்கள். பிறகு பெண்சாதிக்கும் மகளுக்கும்கூட அதையே சொல்லி வைத்தேன். கோப்பில் ஒன்று வீட்டில் ஒன்று என்றிருந்தால் எங்காவது பிசகிவிடும் என்ற பயம். மகள் பெரியபிள்ளையானதுக்குச் செய்த சாமத்தியச் சடங்குக்கு நீங்கள் வந்து, மேடையில் நின்று, “உன்ர அப்பா நாட்டுக்காகக் கஷ்டப்பட்டவர், பிள்ளை” என்று அவள் தலையில் கைவைத்துச் சொன்னீர்கள். அதை நான் மறக்கவில்லை. மறக்கப் போவதும் இல்லை.

வெள்ளிக்கிழமை திரும்பி வரும் ரயிலில் அவள் கேட்டாள்: “அப்பா, அந்த அங்கிள் நோ சொன்னவர்தானே. நீங்கள் ஏன் சொல்லேல்லை?” நாங்கள் இறங்கும் ரெய்னர்ஸ் லேன் வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

கதையை எடுத்ததற்காக மட்டும் என்றால் இதை எழுதியிருக்க மாட்டேன். நீங்கள் அதைப் பாதியில் நிறுத்துகிறீர்கள். ‘தொடமாட்டன்’ என்றதும் அவர்கள் தலைகுனிந்து போய்விட்டதாகச் சொன்னீர்கள். அவர்கள் போகவில்லை. “அப்ப வீட்டில வேற ஆர் இருக்கினம்?” என்று கேட்டார்கள். உள்ளே இருந்து என் தங்கச்சி கோசிகா வந்தாள். பத்தொன்பது வயது. “அண்ணாவை விடுங்கோ, நான் வாறன். அவருக்குச் சோக்குக்கட்டி பிடிக்கத்தான் தெரியும்” என்று பகிடியாகச் சொன்னாள். நான் அப்போது கணக்கு வாத்தியார். சொல்லிவிட்டு என்னுடைய சேர்ட் ஒன்றை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள். நான் முற்றத்தில் நின்றேன். தடுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டுக்கு ஒருவர் என்பது முடிந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை; அவளும் வரவில்லை. இருக்கிறாளா இல்லையா என்று இன்றுவரை ஒருவரும் எழுதித் தரவில்லை.

இது உங்களுக்குத் தெரியும். குசினியில் அதிகாரியாக இருந்து, “உங்களுக்குப் பதிலா ஆர் போனது?” என்று கேட்டது நீங்கள். நான் சொல்லி முடித்ததும் எழும்பி அடுப்பை நிறுத்தியதும் நீங்கள்தான். உங்களுக்குத் தங்கச்சி இல்லாதபடியால் இன்டர்வியூவில் அவளை விட்டீர்கள். அதை நான் விளங்கிக்கொள்வேன். இப்போது விசாவும் இல்லை, அதிகாரியும் இல்லை. இப்போதும் ஏன் விடுகிறீர்கள்?

உங்களுக்குப் பின் பேசிய ஏஞ்சலா என்ற அம்மா, ஒருவர் மறுத்தால் உலகத்தில் ஒரு துவக்குக் குறைகிறது என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள். என் துவக்குக் குறையவில்லை என்று கத்த வேண்டும் போல இருந்தது. அது கோசிகாவின் கைக்குப் போனது.

நான் செய்தது பிழை என்று எழுதவும் எனக்கு ஏலவில்லை. அவள் போவாள் என்று முந்தியே தெரிந்திருந்தால் அந்தத் துவக்கை வாங்கியிருப்பேனா? ‘ஓம்’ என்று எழுதி இரண்டு தரம் வெட்டினேன். இன்றைக்கு வந்து கேட்டாலும் மாட்டேன் என்றுதான் என் வாய் சொல்லும் போல இருக்கிறது. அதை நினைக்கத்தான் பயமாக இருக்கிறது.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த மே மாதமும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். போங்கள், கதையை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முருங்கை மரத்தோடு நிறுத்தாதீர்கள். எனக்குப் பதிலாக ஒரு பெண்பிள்ளை போனாள், அவள் பெயர் கோசிகா என்று அந்தக் கல்லுக்கு முன்னால் ஒருதரம் சொல்லுங்கள். தங்கச்சி என்றே சொல்லுங்கள். நான் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து பின்னால் நிற்பேன். அதற்குப் பிறகு ரயிலில் அவள் என்ன கேட்டாலும் பதில் சொல்லுவேன்.

உங்கள் கால் நன்றாகக் குணமாகட்டும். அங்கே நெடுநேரம் நிற்க வேண்டியிருக்கும்.

வாசித்ததும் யார் என்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் பெயர் எழுதவில்லை. என் பெயரில் கோப்பில் இருப்பவன் இயக்கத்துக்கு மூட்டை சுமந்தவன். துவக்குத் தொடமாட்டேன் என்றவனுக்கு இந்த நாட்டில் உங்கள் பெயர்தான் இருக்கிறது. அதனால் கையெழுத்தில்லாமலே தபாலில் போடுகிறேன்.